கருத்துக்களங்களில் தேதி காட்டும் முறை: நிர்வாகிகளுக்கும் மொழிக்கோப்பு ஆக்குவோருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கள நிர்வாகிகளுக்கும் தமிழாக்கத் தன்னார்வலர்களுக்கும் வணக்கம்.

பிஎச்பி-பிபி, விபுல்லட்டின், சிம்பிள் மெஷின்ஸ் ஃபோரம் போன்ற மென்பொருள்களை நிறுவித் தமிழில் கருத்துக்களங்களை நடத்தி வருகின்ற உங்களிடமும், அம்மென்பொருள்களின் திரைச்சொற்களைத் தமிழில் தரும் மொழிக்கோப்புகளை ஆக்குகின்ற உங்களிடமும் ஒரு வேண்டுகோளை வைக்கவே இம்மடலை எழுதுகிறேன். ஒவ்வொரு பதிவின் தலைப்பகுதியிலும் தோன்றும் தேதியையும் நேரத்தையும், எந்த நாட்டிலிருந்து எத்தனை ஆண்டு கழித்து வாசித்தாலும் ஒரே பொருள் தரும்படி அமைத்துவையுங்கள். மாதத்தை எழுத்தால் காட்டுங்கள். ஆண்டை நான்கு இலக்கங்களில் காட்டுங்கள். நேரம் எந்த வலயத்துக்குரியது என்பதை மென்பொருளுக்குச் சரியாகச் சொல்லிவையுங்கள். நிறுவும்போது வந்த முன்னிருப்பு அமைப்பை அப்படியே விட்டுவிடுவதால் நேரும் குழப்பம், களத்தில் அன்றாடம் உரையாடல் நடந்துகொண்டிருக்கும் வரை யாருக்கும் உறுத்துவதில்லை. பழைய இழைகளை, அதாவது ஒரே தலைப்பின்கீழ்த் தொடரும் பதிவு வரிசைகளை, சான்றாகக் கொண்டு வாசிக்கத் தொடங்கும்போதுதான் அது எவ்வளவு பெரியது என்பது தெரிகிறது.

எண்களால் மட்டும் எழுதப்படும் தேதியில் எது நாள், எது மாதம் என்ற ஐயம் முதலில் எழுகிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் சிங்கப்பூரிலும் பிரான்சிலும் நாள் முதலில் வரும். அமெரிக்காவில் மாதம் முதலில் வரும். கனடாவில் இரண்டு வழக்குமே உண்டு. மாதத்தின் முதல் 12 நாள்களில் மட்டும்தானே இந்த மயக்கம் என்று சிலர் கருதக்கூடும். அப்படிப்பட்ட நாள்கள் ஓர் ஆண்டில் 144 இருக்கின்றன. நாளும் மாதமும் ஒரே எண்ணாக அமையும் 12 நாள்களைக் கழித்தாலும் 132 நாள்கள் எஞ்சுகின்றன. ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான நாள்களில் எழுதப்படும் பதிவுகளை இரு விதமாக வாசிக்க முடியும் என்பதே இதன் பொருள்.

விபுல்லட்டினில் முன்னிருப்பாக வந்தது மாத எண், நாள், ஆண்டு என்ற அமெரிக்க வரிசை. ஆழிப்பேரலை தாக்கிப் பத்து நாள் கழித்து, 2005 ஜனவரி 5 அன்று ஒருவர் நிவாரணம் பற்றி எழுதிய செய்தி அந்த வடிவத்தில் 01-05-2005 என்று நிற்கும். தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இருந்து வாசிப்பவர் அதை மே முதல் நாள் எழுதியதாகவே கொள்வார். அதே இழையில் 01-13-2005 என்று இன்னொரு பதிவு இருந்தால், பதின்மூன்றாம் மாதம் இல்லை என்பதிலிருந்து வரிசையைக் கண்டுகொள்ளலாம். தேடுபொறி வழியாக ஒரே ஒரு பதிவுக்கு வந்து சேர்பவருக்கு அந்த உதவியும் கிடையாது. மேலும், ஐயம் எழுந்தால் அல்லவா சரிபார்க்கத் தோன்றும்? பெரும்பாலோர் தமக்குப் பழகிய வரிசையிலேயே வாசித்துவிட்டு, தவறாக வாசித்தோம் என்றே அறியாமல் கடந்துவிடுவர்.

இதைச் சரிசெய்வது கடினமன்று என்பதுதான் எனக்கு நம்பிக்கை தருகிறது. இம்மென்பொருள்கள் தரவுத்தளத்தில் தேதியைத் தேதியாகச் சேமிப்பதில்லை. 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து, உலகப் பொது நேரப்படி, எத்தனை விநாடிகள் கடந்தன என்ற ஒற்றை எண்ணையே சேமிக்கின்றன. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு அருகே நிலம் நடுங்கிய கணம் அந்தக் கணக்கில் 1104022733. இந்த எண்ணில் நாடும் இல்லை, வரிசை மயக்கமும் இல்லை. பக்கம் திறக்கும் ஒவ்வொரு முறையும் நிர்வாகி எழுதிவைத்த வடிவக் குறியீட்டைக் கொண்டு மென்பொருள் அதைத் தேதியாக்கிக் காட்டுகிறது. ஆகவே இன்று நீங்கள் குறியீட்டை மாற்றினால், இருபது ஆண்டுக்கு முந்தைய பதிவும் இன்றே புதிய வடிவில் தெளிவாகத் தோன்றும். ஒரு பதிவைக்கூடத் திருத்த வேண்டியதில்லை.

குறியீடுகள் குறித்துச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கேதான் பிழைகள் புகுகின்றன. பிஎச்பி என்னும் நிரல்மொழியின் தேதிக் குறியீடுகளையே பிஎச்பி-பிபி ஏற்கிறது. அதில் சிறிய ‘டி’ (d) நாளை முன்னே பூச்சியம் சேர்த்து இரண்டு இலக்கமாகக் காட்டும். சிறிய ‘ஜே’ பூச்சியம் இல்லாமல் காட்டும். சிறிய ‘எம்’ மாதத்தின் எண், பெரிய ‘எம்’ மாதத்தின் சுருக்கப் பெயர், பெரிய ‘எஃப்’ முழுப்பெயர். பெரிய ‘ஒய்’ நான்கு இலக்க ஆண்டு, சிறிய ‘ஒய்’ இரண்டு இலக்க ஆண்டு. நிமிடத்துக்கு உரியது சிறிய ‘ஐ’ (i) என்னும் எழுத்து. இதை அறியாமல் நிமிடம் வரவேண்டிய இடத்தில் சிறிய ‘எம்’ இடுபவர்கள் இருக்கிறார்கள். அப்படி இட்டால், ஏப்ரலில் எழுதப்பட்ட எல்லாப் பதிவுகளும் 9:04, 14:04, 21:04 என்று நான்காம் நிமிடத்திலேயே எழுதப்பட்டவைபோலக் காட்சி தரும். மே மாதத்துப் பதிவுகள் எல்லாம் ஐந்தாம் நிமிடமாகும். நேரம் ஏதோ ஒன்று தெரிவதால் இந்தப் பிழை எளிதில் கண்ணில் படாது.

சிம்பிள் மெஷின்ஸ் ஃபோரம் வழிவழியாகப் பயன்படுத்தி வந்தது வேறொரு குறியீட்டு முறை. விழுக்காட்டுக் குறியோடு எழுதப்படும் அந்த முறையில் பெரிய ‘எம்’ நிமிடத்தையும் சிறிய ‘எம்’ மாத எண்ணையும் குறிக்கும். ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் களத்தை மாற்றுவோர் பழைய குறியீட்டை அப்படியே எடுத்துச் செல்லக் கூடாது என்பதற்கு இதுவே போதிய காரணம். அந்த முறைக்கு அடிப்படையாக இருந்த செயற்கூறை 2021-இல் வெளிவந்த பிஎச்பி 8.1 கைவிடத்தக்கது என்று அறிவித்துவிட்டது. சர்வரில் இருக்கும் மொழி அமைப்புக்கு ஏற்ப அதன் விளைவு இடத்துக்கு இடம் மாறியதே காரணம். சொந்தமாக நீட்சிகள் எழுதிச் சேர்த்திருக்கும் நிர்வாகிகள், பிஎச்பியைப் புதுப்பிக்கும் முன் அவற்றில் தேதி எப்படி ஆக்கப்படுகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

நிர்வாகப் பலகத்தில் நீங்கள் அமைக்கும் வடிவம் யாருக்குப் போய்ச் சேர்கிறது என்பதையும் கவனிக்க வேண்டுகிறேன். பிஎச்பி-பிபியில் உறுப்பினர் பதிவு செய்துகொள்ளும்போது களத்தின் முன்னிருப்பு அவருடைய கணக்கில் எழுதப்பட்டுவிடும். பின்னர் அவர் தம் விருப்ப அமைப்புகளில் அதை மாற்றிக்கொள்ளலாம். நீங்கள் பிற்பாடு களத்தின் முன்னிருப்பை மாற்றினாலும் பழைய உறுப்பினர்கள் தம் பழைய வடிவத்தையே காண்பார்கள். எனவே மாற்றத்தை அறிவிப்பாக எழுதித் தெரிவியுங்கள். தரவுத்தளத்தில் நேரடியாக மாற்றுவதாக இருந்தால், நகல் எடுத்துக்கொண்ட பின், பழைய முன்னிருப்பை இன்னும் தொடாமல் வைத்திருப்போரின் கணக்கில் மட்டும் மாற்றுங்கள். ஒருவர் தாமே தேர்ந்தெடுத்த வடிவத்தை அவரைக் கேளாமல் அழிப்பது முறையன்று.

களத்தின் முன்னிருப்பு முழுமையாகப் பயன்படுவது விருந்தினருக்கே. உறுப்பினராகாமல் வாசிப்போர், தேடுபொறி வழி வருவோர், ஆய்வுக்காகப் புரட்டுவோர், பக்கங்களைச் சேமிக்கும் இணையக் காப்பகங்கள் ஆகிய யாவரும் விருந்தினராகவே நுழைகின்றனர். அவர்களால் எதையும் மாற்றிக்கொள்ள முடியாது. நிர்வாகி தம் சொந்தக் கணக்கில் நுழைந்து பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று முடிவு செய்வது போதாது. வெளியேறிய நிலையில் ஓர் இழையைத் திறந்து பார்த்தால்தான் பெரும்பாலான வாசகர் காண்பது என்ன என்று தெரியும்.

இதிலிருந்து எழுகின்ற, நான் மிகவும் வருந்துகின்ற சிக்கல் ஒன்று உண்டு. ‘இன்று’, ‘நேற்று’, ‘12 நிமிடங்களுக்கு முன்’ என்று காட்டும் வசதி இன்று ஏறக்குறைய எல்லாக் கள மென்பொருள்களிலும் இருக்கிறது. பிஎச்பி-பிபியில் வடிவக் குறியீட்டின் தேதிப் பகுதியை இரண்டு நெடுக்குக் கோடுகளுக்கு நடுவே எழுதினால் அந்த வசதி இயங்கும். சுறுசுறுப்பான களத்தில் அது வாசிப்பவருக்கு உதவுகிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் விருந்தினருக்கான பக்கத்திலும் அது இயங்கும்போது, அன்று சேமிக்கப்பட்ட நகலில் ‘நேற்று, 21:14’ என்ற சொற்களே நிலைத்துவிடுகின்றன. இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷின் எடுத்த நகலாக இருந்தால், நகலெடுத்த நேரம் முகவரியிலேயே இருப்பதால் ஓரளவு கணித்துக்கொள்ளலாம். அப்போதும் களத்தின் நேர வலயம் தெரியாவிட்டால் ஒரு நாள் முன்பின்னாகப் போக வாய்ப்புண்டு. தாளில் அச்செடுத்தவர், கணினியில் பக்கத்தைச் சேமித்தவர், திரையைப் படமாகப் பிடித்து வைத்தவர் ஆகியோரிடம் இருக்கும் நகல்களில் அந்த ‘நேற்று’ எந்த நாளுக்கு முந்தைய நாள் என்பதை அறிய வழியே இல்லை.

ஒரு பெரிய நிகழ்வு நடக்கும்போதுதான் மக்கள் பக்கங்களை நகலெடுத்து வைக்கிறார்கள். அந்த வேளையில்தான் எல்லாப் பதிவுகளும் ‘இன்று’ என்றும் ‘நேற்று’ என்றும் காட்டப்படுகின்றன. மிகவும் தேவையான இடத்திலேயே தேதி இல்லாமல் போகிறது. ஆதலால் களத்தின் முன்னிருப்பில் நெடுக்குக் கோடுகளை நீக்கிவிட்டு முழுத்தேதியை வையுங்கள். சார்புநேரம் வேண்டும் உறுப்பினர்கள் தத்தம் கணக்கில் அதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும். வார்ப்புரு எழுதத் தெரிந்த நிர்வாகிகளுக்கு இன்னொரு வழியும் உண்டு: நேரத்தைத் தாங்கும் எச்டிஎம்எல் குறியான நேரக்கூறில், கண்ணுக்குத் தெரியும் சொல் எதுவாயினும், மறைந்திருக்கும் பண்பாக முழுத்தேதியையும் வலயத்தையும் பன்னாட்டு வடிவில் எழுதிவைக்கலாம். அப்படிச் செய்தால் சேமித்த பக்கத்தின் மூலக்குறியிலாவது உண்மை இருக்கும்.

பன்னாட்டு வடிவம் என்றதும், எல்லா இடத்திலும் அதையே வைத்துவிடலாமே என்று கேட்போர் உண்டு. ஆண்டு, மாதம், நாள் என்று பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கும் 2005-01-05 என்ற அவ்வடிவத்தை ஐஎஸ்ஓ 8601 என்னும் தரம் 1988-இல் வகுத்தது. இணையத்துக்கான அதன் சுருக்கமான வரையறை 2002-இல் ஆர்எஃப்சி 3339 என வெளிவந்தது. கோப்புப் பெயர்களுக்கும் பதிவேடுகளுக்கும் அதைவிடச் சிறந்த வடிவம் இல்லை. எழுத்து வரிசையில் அடுக்கினாலே கால வரிசையாகிவிடும். எனினும் மாத எண்ணைப் பெயராக மாற்றிக்கொள்ளும் வேலையை அது ஒவ்வொரு முறையும் வாசகரிடம் விட்டுவிடுகிறது. இயந்திரத்துக்கு அதைக் கொடுங்கள். மனிதருக்கு ‘5 ஜனவரி 2005, 21:14’ என்று காட்டுங்கள் என்பதே என் கருத்து. ‘ஜனவரி 5, 2005’ என்ற வரிசையை விரும்புவோர் அப்படியே வைத்துக்கொள்ளலாம். மாதம் எழுத்தில் இருக்கும் வரை எந்த வரிசையிலும் மயக்கம் இல்லை.

நேர வலயத்தைப் பற்றி இனிச் சொல்லுகிறேன். ஒரே தமிழ்க் களத்தில் சென்னை, யாழ்ப்பாணம், டொராண்டோ, பாரிஸ், சிங்கப்பூர் என்று பல ஊர்களிலிருந்து எழுதுகிறார்கள். மேலே சொன்ன 2004 டிசம்பர் 26 நிலநடுக்கம் உலகப் பொது நேரப்படி 00:58 மணிக்கு நேர்ந்தது. அப்போது சென்னையில் காலை 6:28. சிங்கப்பூரில் காலை 8:58. டொராண்டோவில் முந்தைய நாளான டிசம்பர் 25 இரவு 7:58. கொழும்பில் காலை 6:58. கொழும்புக்கும் சென்னைக்கும் ஒரே நேரம்தானே என்று இன்றைய வாசகர் வியப்படையலாம். இலங்கை 1996 மே 25 அன்று தன் நேரத்தை ஒரு மணி முன்னே நகர்த்தி ஆறரை மணி வேறுபாட்டுக்கு மாறியது. அதே ஆண்டு அக்டோபர் 26 அன்று ஆறு மணி வேறுபாட்டுக்கு வந்தது. 2006 ஏப்ரல் 15 அன்றுதான் மீண்டும் ஐந்தரை மணிக்குத் திரும்பியது. தமிழில் இணைய உரையாடல் வேர்விட்ட காலம் பெரும்பாலும் இந்த இடைவெளிக்குள்தான் அடங்குகிறது.

களத்தின் நேரத்தை வெறும் ‘+5:30’ என்ற எண்ணாக அமைத்தால், மென்பொருள் எல்லா ஆண்டுகளுக்கும் அதே வேறுபாட்டைப் பூட்டிவிடும். மட்டக்களப்பில் ஒருவர் தம் கடிகாரத்தில் காலை 9:15 பார்த்து எழுதிய 2004-ஆம் ஆண்டுப் பதிவு, இன்று 8:45 என்று காட்டப்படும். கடல் எப்போது ஊருக்குள் வந்தது, யார் எப்போது செய்தி அனுப்பினார்கள் என்று பொருத்திப் பார்ப்பவருக்கு அந்த அரை மணி சிறிய பிழையன்று. மாறாக, இலங்கையை மையமாகக் கொண்ட களங்கள் ‘ஆசியா/கொழும்பு’ என்ற வலயப் பெயரைத் தேர்ந்தெடுத்தால், நேர வலயத் தரவுத்தளத்தில் மேற்சொன்ன மூன்று மாற்றங்களும் பதிவாகி இருப்பதால், ஒவ்வொரு பதிவும் அது எழுதப்பட்ட காலத்தின் நேரத்தில் சரியாகத் தோன்றும். இந்தியக் களங்களுக்கு ‘ஆசியா/கொல்கத்தா’ உரியது. 2011 முதல், இணையத்தின் முகவரி எண்களையும் பெயர்களையும் ஒருங்கிணைக்கும் ஐயானா அமைப்பின் பொறுப்பில் இருந்து வரும் இந்தத் தரவுத்தளத்தைத் தன்னார்வலர்கள் உலகெங்கும் இருந்து திருத்திப் பேணுகின்றனர். அவர்களுடைய உழைப்பைப் பயன்படுத்திக்கொள்ள நாம் செய்ய வேண்டியது பட்டியலில் ஊர்ப்பெயரைத் தேர்ந்தெடுப்பது மட்டுமே.

கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழும் உறுப்பினர்களுக்கு இது இன்னும் இன்றியமையாதது. பிஎச்பி-பிபியின் 3.0 பதிப்பில் கோடைநேரத்துக்கென்று ஒரு தனித்தேர்வு இருந்தது. அதை ஆண்டுக்கு இருமுறை கையால் மாற்ற வேண்டும். மாற்றினால் அது கோடைப் பதிவுகளோடு நில்லாமல் எல்லாப் பதிவுகளையும் ஒரு மணி நகர்த்தும். குளிர்காலத்தில் இரவு 11:30-க்கு எழுதிய பதிவு, கோடையில் பார்த்தால் மறுநாள் 12:30 என்று நாளே மாறித் தோன்றியது அதனால்தான். 2014-இல் வந்த 3.1 பதிப்பு அந்தத் தேர்வை நீக்கி வலயப் பெயர்களுக்கு மாறியது. பழைய பதிப்பிலேயே இன்னும் களத்தை வைத்திருப்போர் மேம்படுத்துவதற்கு, பாதுகாப்பு தவிர இதுவும் ஒரு காரணமாகட்டும். மேம்படுத்திய பின் உறுப்பினர்களிடம் தத்தம் ஊரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

மொழிக்கோப்பு ஆக்குவோருக்குச் சில சொற்கள். ஆங்கிலக் கோப்பில் இருக்கும் தேதி வடிவங்களின் பட்டியலை மொழிபெயர்க்கத் தேவையில்லாத பகுதி என்று விட்டுவிடாதீர்கள். அதுவும் உங்கள் பொறுப்பில் உள்ளதே. அப்பட்டியலில் நாள் எண்ணோடு ஆங்கில ஈறு சேர்க்கும் வடிவங்கள் உண்டு. பிஎச்பி அந்த ஈற்றை எப்போதும் ஆங்கிலத்திலேயே தரும் என்பதால் தமிழ்ப் பக்கத்தில் அது ஒட்டாமல் நிற்கும். அவ்வடிவங்களை நீக்கிவிடுங்கள். பன்னிரண்டு மணி முறையில் முற்பகல், பிற்பகல் என்ற குறிப்பு ஆங்கிலத்தில் எண்ணுக்குப் பின்னே வரும். தமிழில் அது முன்னே வர வேண்டும். இருந்தும், ‘பிற்பகல் 9:14’ என்று தமிழர் யாரும் சொல்வதில்லை. யூனிகோடு அமைப்பின் வட்டாரத் தரவுத் தொகுப்பு, தமிழுக்கு அதிகாலை, காலை, மதியம், மாலை, இரவு என்று பொழுதுகளைப் பகுத்தே வைத்திருக்கிறது. பிஎச்பியின் எளிய தேதிக் குறியீட்டில் அந்த வசதி இல்லை. ஆதலால் இருபத்து நான்கு மணி முறையை முன்னிருப்பாக வைப்பதே நல்லது. ரயில் அட்டவணையில் அதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது புதிதன்று.

மாதங்களின் சுருக்கப் பெயர்களை ஆக்கும்போது ஜூனையும் ஜூலையையும் சுருக்காமல் முழுதாகவே விடுங்கள். இரண்டையும் ‘ஜூ’ என்று குறுக்கினால் எழுத்தால் எழுதியும் பயனில்லாமல் போகும். இடம் இருக்குமானால் எல்லா மாதங்களுக்கும் முழுப்பெயரே நன்று. இலங்கையில் வழங்கும் பெப்ரவரி, யூலை, ஓகஸ்ட், ஒக்டோபர் போன்ற வடிவங்களை விரும்பும் களங்களுக்காக வேறொரு கோப்பு ஆக்கி வெளியிடலாம். வடிவக் குறியீட்டுக்குள் தமிழ்ச்சொல் எதையும் சேர்க்க விரும்பினால் அச்சமின்றிச் சேர்க்கலாம்: ஆங்கில எழுத்துகளைக் குறியீடாகக் கொள்ளாதிருக்க ஒவ்வொன்றின் முன்னும் பின்சாய்கோடு இட வேண்டும், தமிழ் எழுத்துகள் எதுவும் குறியீடாக வாசிக்கப்படுவதில்லை என்பதால் அவற்றுக்கு அது வேண்டியதில்லை.

இறுதியாக, களத்தை மூடிவிடும் எண்ணத்தில் இருக்கும் நிர்வாகிகளிடம் ஒரு தனி வேண்டுகோள். மூடும் முன் பக்கங்களை நிலைநகலாக எடுத்து வைப்பீர்களானால், எடுப்பதற்கு முன்னரே வடிவத்தை முழுத்தேதிக்கு மாற்றுங்கள். வலயத்தை ஊர்ப்பெயரால் அமையுங்கள். பக்கத்தின் அடியில் நேரம் எந்த வலயத்துக்குரியது என்று காட்டும் வரியை வார்ப்புருவிலிருந்து நீக்கியிருந்தால் அதை மீண்டும் சேருங்கள். விருந்தினராக நுழைந்து, 2006 ஏப்ரலுக்கு முந்தைய பதிவு ஒன்றையும் பிந்தைய பதிவு ஒன்றையும் திறந்து நேரத்தைச் சரிபாருங்கள். தரவுத்தளத்தின் நகலையும் நம்பகமான ஒருவரிடம் ஒப்படையுங்கள். நிலைநகல் எடுத்து முடிந்து, தரவுத்தளமும் போய்விட்டால், விநாடிக் கணக்கில் பிழையின்றி இருந்த அந்த எண்களை யாராலும் மீட்க இயலாது.

நன்றியுடன்,
பழைய இழைகளைத் தொடர்ந்து வாசித்துவரும் ஒரு வாசகர்